வெல்லம் விழுவதற்குள்

சீம்பால் என்றால் உங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு இன்றும் கால் பரபரக்கும். யார் வீட்டில் மாடு கன்று போட்டது, அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்களா, வெல்லம் போட்டாயிற்றா என்றுதான் மனசு முதலில் கேட்கும். ஓய்வு பெற்றும் இந்தப் பழக்கம் போகவில்லை. என் மனைவி கேலி செய்யாத நாள் இல்லை.

கால்நடை ஆஸ்பத்திரிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் அனுபவம் கேட்டீர்கள். மருந்து கலப்பதும் கட்டுப் போடுவதும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதற்கு நான் எதற்கு? நான் சொல்ல வந்தது ஒரு செம்மறிக்குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கதை. இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். என் வேலைக்காலம் முழுவதிலும் அந்த ஒரு காலைப் பொழுதில் ஓடிய ஓட்டத்தை நான் வேறெங்கும் ஓடியதில்லை.

அது யுத்த காலம். ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் ஒரு சின்னக் கால்நடை ஆஸ்பத்திரி. அதில் நான் கம்பவுண்டர். எங்கள் டாக்டர், மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போடக் கிராமங்களுக்குப் போயிருந்தார். போகும்போது, ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு எங்கும் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மேலதிகாரி எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்று ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

காலையில் கதவைத் திறந்ததும் ஒரு பெண் படியேறி வந்தாள். பாவாயி என்று பெயர். கல்யாணமாகி அந்தப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வந்தவள். முந்தானைக்குள் எதையோ பொத்திப் பிடித்திருந்தாள். விரித்துக் காட்டினாள். ஈரம்கூடக் காயாத செம்மறிக்குட்டி. தலை ஒருபக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

“என்ற ஆடு குட்டி போட்டதும் செத்துப்போச்சுங்க. இதாவது பொழைக்கோணுமுங்க.”

“குட்டி ஏதாவது குடிச்சுதா அம்மிணி?”

“ஒரு சொட்டு இல்லீங்க. மாமியாரு போனாப் போவுது உடுங்கறாங்க. நான் உடமாட்டனுங்க. பெட்டைக்குட்டிங்க இது!”

பெட்டைக்குட்டி என்று அவள் சொன்ன விதத்தில்தான் விஷயமே இருந்தது. புகுந்த வீட்டில் மாடும் கன்றும் சட்டியும் பானையும் எல்லாம் மாமனாருடையவை. அந்த ஒரு ஆடு மட்டும் அவள் அப்பா சீரோடு சேர்த்துக் கொடுத்தது. அது போடுகிற குட்டியும் அவளுடையது. அதுவரை போட்டதெல்லாம் கிடாய்க்குட்டி. ஒன்று கோயிலுக்குப் போயிற்று, மற்றவை சந்தைக்குப் போயின. முதன்முதலாக ஒரு பெட்டை பிறந்திருக்கிறது, தாய் செத்துவிட்டது. இந்தக் குட்டியும் போனால், அந்த வீட்டில் ‘என்ற’, அதாவது என்னுடையது, என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு எதுவும் இருக்காது.

குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சாதாரணப் பால் கொடுத்தால் கொஞ்சம் தெம்பு வரும், பிறகு ஏதாவது ஒரு கழிச்சலில் போய்ச் சேர்ந்துவிடும். பிறந்த உயிருக்கு முதல் பால் வேண்டும், அதுவும் அன்றே வேண்டும். செம்மறிப் பட்டிக்காரர்கள் எல்லாரும் வயற்காடுகளில் எருவுக்குக் கிடை போடத் தெற்கே போயிருந்தார்கள். ஆட்டுச் சீம்பாலுக்கு வழியே இல்லை. மாடாவது எருமையாவது, புதிதாகக் கன்று போட்டது ஏதாவது கிடைத்தால் போதும்.

முந்தின நாள் ஒருவர் வந்து எருமைக்கு நஞ்சுக்கொடி விழ மருந்து வாங்கிப் போனது சட்டென்று ஞாபகம் வந்தது. கன்று போட்ட எருமை! பக்கத்துத் தோட்டம்தான்! நான் பூட்டைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் டாக்டர் சொன்னதும், மேலதிகாரி வரலாம் என்ற பேச்சும் நினைவுக்கு வந்தன. பூட்டைப் பார்த்தேன், குட்டியைப் பார்த்தேன். வந்தால் வரட்டும் என்று பூட்டிவிட்டேன். உங்களை யாராவது இப்படிச் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள் என்றுதான் நான் சொல்லவேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

மருந்து ஊற்றிக் கொடுக்கும் ஒரு மிக்சர் புட்டியைக் கழுவிச் சட்டைப்பைக்குள் போட்டேன். குட்டியைச் சாக்கில் சுருட்டி சைக்கிள் கைப்பிடியில் கட்டினேன். கல்யாணமான பெண் கம்பவுண்டர் சைக்கிளில் உட்கார்ந்து வந்தால் ஊர் என்ன சொல்லும்? அவளே சொல்லிவிட்டாள்:

“நீங்க வெரசாப் போங்க. நான் குறுக்கால வாரேன்.”

நான் வண்டித்தடத்தில் எம்பி எம்பி மிதித்துப் போய்ச் சேர்ந்தால், சோளக்காட்டைக் குறுக்கே கடந்து வந்து அவள் எனக்கு முன்னால் மாடு கட்டும் கட்டுத்தாரை ஓரம் நிற்கிறாள்! மூச்சு வாங்குகிறது, கண் மட்டும் குட்டி மேலேயே இருக்கிறது.

வாசலில் கால் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏலக்காய் மணம்! அந்த வீட்டம்மா சிரித்த முகத்தோடு வந்தார்.

“வாங்க கம்பவுண்டரே. நீங்க குடுத்த மருந்துல எருமைக்கு எல்லாஞ் சரியாப் போச்சுங்க. நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க!”

ஆலிலையில் ஒரு துண்டு சீம்பாலை என் கையில் வைத்தார். வெல்லம் போட்டு, கட்டியாகத் திரண்டு, ஆவி பறந்துகொண்டிருந்தது.

“காய்ச்சாத பால் மிச்சம் இருக்குதுங்களாம்மா?”

“அதெப்புடிங்க இருக்கும்? கன்னு குடிச்சது போவ ஒட்டக் கறந்து காச்சிட்டனே. இனிப் பொழுது சாயத்தானுங்க கறக்கோணும்.”

ஒரு கையில் சீம்பால், மறு கையில் சீம்பாலுக்காகச் செத்துக்கொண்டிருக்கும் குட்டி. அப்படி ஒரு நிலையில் உங்களில் யாராவது நின்றிருக்கிறீர்களா? அந்தத் துண்டைத் தின்றாயா என்று கேட்பீர்கள். தின்றேன். ஆசையாகக் கொடுத்ததை எப்படி எறிவது?

விஷயத்தைக் கேட்டதும் அந்தம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. உடனே நிமிர்ந்து கை நீட்டினார்.

“வடக்குத் தோட்டத்துச் செவலைப் பசு இப்பத்தான் கன்னு போட்டுருக்குதாமுங்க. ஓடுங்க, ஓடுங்க! அவங்களும் வெல்லம் இடிச்சிட்டு இருப்பாங்க!”

ஓடினோம். ஆமாம், ஓடினோம். வடக்குத் தோட்டத்துக்கு வண்டித்தடம் கிடையாது. வரப்பு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நானும், எனக்கு முன்னால் அவளும். சாக்குக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. அது நின்றுபோனபோது சாக்குக்குள் கையை விட்டு மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு பெரிய உயிரைக் காப்பாற்றப் போகிறவனுக்குக்கூட அவ்வளவு பதற்றம் இருக்குமோ என்னவோ.

தோட்டத்தை நெருங்கும்போதே ‘டொக்கு டொக்கு’ என்று சத்தம். உரலில் வெல்லம் இடிக்கிறார்கள்! வேலிப் படலுக்கு வெளியிலிருந்தே கத்தினேன்:

“போடாதீங்க! வெல்லத்தைப் போடாதீங்க!”

உள்ளேயிருந்த அம்மா உலக்கையைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார். வயதானவர், வாட்டசாட்டமான ஆள்.

“என்னுங்க கம்பவுண்டரே! வெல்லத்துல பல்லி கில்லி உழுந்திருச்சுங்களா?”

மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். பால் அப்போதுதான் கறந்து போசியில் இருந்தது. மஞ்சள் நிறத்தில், கெட்டியாக, நுரையோடு. என் கைக்கெட்டும் தூரம். புட்டியை வெளியே எடுத்துவிட்டேன்.

அந்தம்மா போசியின் மேல் கையை வைத்து மூடினார்.

“கோவிச்சுக்காதீங்க. கன்னு போட்ட ஊட்டுப் பச்சைப் பாலு, சாமிக்கு ஊத்தற வரைக்கும் வாசலைத் தாண்டக்கூடாதுங்க. காச்சுனது எம்புட்டு வேணும்னாலும் கொண்டுட்டுப் போங்க. பச்சைப் பாலு மட்டும் கேக்காதீங்க.”

எனக்கு ரத்தம் கொதித்தது. அறிவுரை நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. கிருமி, சத்து, விஞ்ஞானம், சர்க்கார், எல்லாம் வரிசையில் நின்றன. என்ன இது மூடத்தனம் என்று ஒரு அதட்டுப் போட்டிருப்பேன். அப்போது பாவாயியைப் பார்த்தேன். அவள் அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் வீட்டிலும் அதே வழக்கம்தான். மாடு கன்று போட்டால் அவளும் அப்படித்தான் போசியை மூடுவாள். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாளே தவிர, கோபப்படவில்லை.

என் கொதிப்பு அடங்கிப் போயிற்று. அந்தம்மா ஒன்றும் ஈரமில்லாதவர் இல்லை, பசுவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான். அப்படியானால் அவர் சொன்ன வார்த்தையை மறுபடியும் ஒருமுறை நன்றாகக் கேட்போம் என்று தோன்றியது. பால் வாசலைத் தாண்டக்கூடாது என்றார். வேறென்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை!

“ஏனுங்கம்மா, பாலு வெளிய வரக்கூடாது. சரி. குட்டி உள்ள வரலாமுங்களா?”

அந்தம்மா என்னைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார் பாருங்கள், தோட்டமே அதிர்ந்தது.

“பசிச்சு ஊடு தேடி வந்த உசுரை ஆருங்க வேண்டாங்கறது! வவுத்துக்குள்ள போற பாலுக்கு வாசல் ஏதுங்க? கொண்டா அம்மிணி, கொண்டா, உள்ள கொண்டா!”

சீம்பால் காய்ச்சப் பற்றவைத்த அடுப்பு தயாராக எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பழைய சேலையை விரித்துக் குட்டியைக் கிடத்தித் தேய்த்தோம். உடனே கொட்டத்தை எடுத்து வந்தார் அந்தம்மா. மாட்டுக்கு மருந்து ஊற்றும் மூங்கில் குழாய்தான், தெரியுமே உங்களுக்கு. தலையைத் தூக்கிப் பிடித்து ஒரே மூச்சில் ஊற்றிவிடலாம் என்றார். வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டேன். விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்கு அப்படி ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போகும், கண்ணெதிரே போய்விடும். முதலில் வாய் சூடாகட்டும், பிறகு அதுவாகச் சப்பட்டும் என்றேன். அவசரத்தில் ஓடி வந்தவன் இப்போது சும்மா இரு என்கிறானே என்று இருவரும் என்னை முறைத்தார்கள். அந்தச் சமயத்தில் சும்மா இருப்பது இருக்கிறதே, ஓடுவதைவிடக் கஷ்டம்.

வாய் சூடேறியது. என் விரலை லேசாக ஒரு சப்பு சப்பியது. எனக்குப் புல்லரித்தது! ஆனால் புட்டிக்கு மாட்ட ரப்பர் காம்பு இல்லை. யுத்தத்தில் ரப்பர் சேலத்துக் கடைவீதியிலேயே கிடைக்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். சைக்கிள்! சக்கரத்து வால்வைத் திருகி வால்டியூப்பைப் பிடுங்கினேன். ‘புஸ்’ஸென்று காற்று போன சத்தத்தில் செவலைப் பசு மிரண்டு நின்றது. அந்த ரப்பர் துண்டைக் கழுவி, தக்கையில் துளை போட்டுச் செருகி, சுற்றிலும் துணியைச் சுற்றிக் காம்பு மாதிரி செய்தேன்.

பாவாயி குட்டியைக் காலுக்கிடையில் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டாள். அந்தம்மா புட்டியை நீட்டினார். “குடி சாமி, குடி” என்று கெஞ்சினார். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடியும் நீட்டினார். உதட்டில் ஒரு துளி பட்டது. நாக்கு வெளியே வந்தது. ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. பிறகு அந்தக் குட்டி வால் ஆடியது! நீங்கள் ஆட்டுக்குட்டி பால் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், வால் ஆடுவதில் என்ன அதிசயம் என்பீர்கள். அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். பாவாயி அடக்கி வைத்திருந்த அழுகையையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டாள். அந்தம்மா அவளைத் திட்டிக்கொண்டே தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று பொழுது சாயும் வரை பாவாயியும் குட்டியும் அந்த வீட்டை விட்டு அசையவில்லை, வயிற்றுக்குள் போன பாலைத் தவிர ஒரு சொட்டும் வாசலைத் தாண்டவில்லை. நான் காற்றுப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மேலதிகாரி வரவில்லை. டாக்டர் திரும்பியதும் நானே சொல்லிவிட்டேன். முதலில் ஒரு பாட்டம் திட்டினார். பிறகு, “குட்டி உள்ளே வரலாமா என்றா கேட்டாய்?” என்று மறுபடியும் மறுபடியும் கேட்டுச் சிரித்தார்.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொஞ்ச நாள் கழித்துப் பாவாயி ஆள் அனுப்பினாள். போய்ப் பார்த்தால் குட்டியின் வயிறு தண்ணீர்த் தோல்பை மாதிரி உப்பிக் கிடக்கிறது. அடுப்படியில் மாமியார் பண்ணருவாளை நெருப்பில் பழுக்கவைத்துக்கொண்டிருக்கிறார். உப்பலுக்குச் சூடு போடுவது அங்கே வழக்கம்.

“நேரத்துக்கு நேரம் அளவாத்தானுங்க குடுக்கறேன்,” என்றாள் பாவாயி. “எப்புடி உப்புச்சுன்னே தெரியலீங்க.”

நான் அங்கே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். குட்டி ஒரு தடவை கத்தியது. மாமனார் எழுந்து வந்து ஒரு மடக்குப் பால் காட்டப் போனார். மறுபடியும் கத்தியது. பக்கத்து வீட்டுப் பெண் கம்மங்கூழ்த் தண்ணீரோடு வந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குட்டி பட்டினியால் சாகவில்லை, பாசத்தால் செத்துக்கொண்டிருந்தது! தாயாடாக இருந்தால் போதும் என்று உதைத்துவிட்டுப் போயிருக்கும். மனுஷர்களுக்கு உதைக்கத் தெரியவில்லை.

“இன்னிக்குப் பொழுதுக்கும் பால் கிடையாது. வெந்நீர்ல துளி உப்புப் போட்டு அதை மட்டும் குடுக்கலாம்,” என்றேன்.

மாமியார் அரிவாளோடு எழுந்துவிட்டார். “தாயில்லாத பச்சை மண்ணுக்குப் பாலு குடுக்காதீங்கறீங்களா? நீங்கெல்லாம் மனுசருங்களா?”

போனால் போகட்டும் என்று முதல் நாள் சொன்னவர் இவர்தான்! மருமகள் தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் குட்டிக்கு ரகசியமாக ஊட்டிக்கொண்டிருந்தவரும் இவரே என்று அப்புறம் தெரிந்தது. ஊரே திரண்டுவிட்டது. என் சொல் பொய்த்தால் அந்தப் பக்கம் இனி யாரும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டார்கள். குட்டியோ நெஞ்சு வெடிக்கக் கத்துகிறது. சூடு போடட்டும் என்று விட்டுவிட்டால் பழி என் மேல் வராது, கௌரவமாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் குட்டி யாருடையது? ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தோமே தவிர, அதற்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை.

“இது உன்ற குட்டி அம்மிணி. நீ சொல்லு.”

பாவாயி மாமியாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புகுந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளை யாரும் ‘நீ சொல்லு’ என்று கேட்டிருக்க மாட்டார்கள். குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அத்தை, அருவாளை வெச்சிருங்க. கத்தட்டுமுங்க. கத்துற வரைக்கும் உசுரு இருக்குன்னுதானே அர்த்தம்.”

பிறகு நாங்கள் அந்த வாசலில் காவல் இருந்தோம். இரக்கப்பட்டு வருகிறவர்களை விரட்டுவதுதான் வேலை. வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெயில் தாழும்போது குட்டி எழுந்து நின்றது, உடம்பை ஒரு நெளி நெளித்தது, அப்புறம் பொலபொலவென்று வயிற்றைக் காலி செய்தது. கூடி நின்ற ஊரே ‘ஓ’வென்று கத்தியது. புழுக்கையைப் பார்த்து அப்படி ஆர்ப்பரித்த கூட்டத்தை நான் தேர்நோம்பியில்கூடப் பார்த்ததில்லை. மாமியார் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தார்.

குட்டி வளர்ந்தது. பாவாயி எங்கே போனாலும் பின்னாலேயே போகும், கிணற்றுக்கு, களத்துக்கு, சந்தைக்கு. ஆடுகளைக் கண்டால் மட்டும் ஒதுங்கிக்கொள்ளும். அதுதான் எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. தாய் என்றால் என்னவென்றே பார்க்காத உயிர் நாளைக்குக் குட்டி போட்டால் சேர்த்துக்கொள்ளுமா? உதைத்துத் தள்ளிவிட்டுப் பாவாயியிடம் புட்டி கேட்டு வந்து நின்றால்? பாவாயிக்கும் அதே பயம் இருந்திருக்கிறது. நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. மாடு கன்று போட்டால், “கம்பவுண்டரே, தாயில்லாத குட்டி ஏதாச்சும் இருக்குதுங்களா? இல்லீன்னா வெல்லத்தைப் போட்டுக்கறமுங்க” என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பினார்கள். வடக்குத் தோட்டத்து அம்மாதான் ஆரம்பித்து வைத்தவர்.

பிறகு ஒரு நாள் காலை, வளர்ந்து சினையாகியிருந்த பாவாயியின் ஆட்டுக்கு வலி கண்டுவிட்டது என்று சேதி வந்தது. டாக்டர் ஊரில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “போ, போ” என்றார். அதே மிக்சர் புட்டி, புதிதாகச் சேலத்திலிருந்து வரவழைத்திருந்த ரப்பர் காம்பு. வழியில் வடக்குத் தோட்டத்துக்கும் குரல் கொடுத்தேன், எதற்கும் பால் இருக்கட்டும் என்று. மிதித்த மிதியில் செயின் கழன்று விழுந்தது. மாட்டிக்கொண்டு மறுபடியும் மிதித்தேன்.

படலருகே பாவாயி நின்றுகொண்டிருந்தாள். கையைக் காட்டித் தடுத்தாள்.

“சைக்கிளை அங்கியே நிறுத்துங்க. சத்தம் போடாதீங்க.”

புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே கிசுகிசுத்தேன். “சேர்த்துக்கலையா அம்மிணி?”

அவள் படலை லேசாக விலக்கினாள். எட்டிப் பார்த்தேன். ஆடு நின்றுகொண்டிருந்தது. அதன் அடியில் ஈரக்குட்டி ஒன்று முழங்காலை மடக்கிக்கொண்டு முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது. ஆடு தலையைத் திருப்பி அதன் முதுகை நக்கிற்று. நான் வந்ததையோ, புட்டி கொண்டுவந்ததையோ அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பெட்டைதானுங்க,” என்றாள் பாவாயி. “என்ற ஆட்டுக்குப் பொறந்த என்ற குட்டிங்க.”

நான் புட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். சர்க்கார் உத்தியோகஸ்தன் என்பதெல்லாம் மறந்து அந்தத் தடத்தில் ஒரு குதி குதித்தேன். உள்ளேயிருந்து மாமியார், “ஏம்மிணி, கம்பவுண்டரைச் சும்மாவா அனுப்பறே?” என்று சத்தம் போட்டார். பாவாயி ஓடிப்போய் ஒரு கட்டியை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

“இன்னிக்கு வெல்லம் தின்னலாமுங்க.”